காற்றின்மேல் நான் போட்ட பழி

நுரைச்சோலையில் எங்கள் ஒழுங்கையின் கடைசியில் இருக்கும் மாமியின் தோட்டத்தில், 2023ஆம் ஆண்டு தொடக்கத்தில் நான் ஒரு பொலித்தீன் கூடாரம் கட்டிக்கொடுத்தேன். அதே வருஷச் சோளகக் காற்றில் அது பிடுங்கி எறியப்பட்டது. காற்று கடுமை, யார் என்ன செய்ய முடியும் என்று ஊரில் சொன்னேன். பைப் வளைத்த பொடியனின் வேலையும் சரியில்லை என்று சொன்னேன். இரண்டும் பொய். மூன்றடி ஆழம் போக வேண்டிய கம்பிகளைப் பாதியாக வெட்டி, ஒன்றரை அடிக்கு மணலில் அடித்துவிட்டு, மிஞ்சிய காசை என் கடனில் கட்டியவன் நான். மாமியிடமும் அந்தப் பொடியனிடமும் இதை நேரில் சொல்லிவிட்டேன். ஆனால் பொய்யை நான் அவர்கள் இருவரிடம் மட்டும் சொல்லவில்லை. தேத்தண்ணிக் கடையிலும் பள்ளிவாசல் முற்றத்திலும் சொன்னேன். ஊருக்குச் சொன்னதை ஊருக்கு முன்னால்தான் திருத்த வேண்டும். அதற்காகவே இதை எழுதுகிறேன்.

காற்றைப் பற்றித் தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்ப எனக்கு வழியில்லை. பாலாவியிலிருந்து கற்பிட்டி வரை நீண்டு கிடக்கும் இந்த மணல் நாக்கில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் புத்தளம் களப்பு. நடுவில் காற்றைத் தடுக்க ஒரு மேடுகூட இல்லை. மே மாதம் தென்மேற்கிலிருந்து எழும் சோளகம் செப்டெம்பர், ஒக்டோபர் வரை ஓயாது. மாம்புரியில் 2010ஆம் ஆண்டிலிருந்து காற்றாலைகள் சுழல்வது இந்தக் காற்றை நம்பித்தான். கற்பிட்டிக்கு வெளிநாட்டார் பட்டத்தைக் கட்டிக்கொண்டு அலைமேல் சறுக்க வருவதும் இந்தக் காற்றுக்காகத்தான். எங்கள் ஊரில் 2011இல் இயங்கத் தொடங்கி, இன்று 900 மெகாவாட் கொள்ளளவோடு நிற்கும் லக்விஜய அனல்மின் நிலையம்கூட இதற்கு அடங்கியே நடக்கிறது. சோளகப் பருவத்தில் கடல் கொந்தளிப்பதால் கப்பலிலிருந்து நிலக்கரி இறக்க முடியாது. அந்த மாதங்களுக்குத் தேவையானதை முன்கூட்டியே இறக்கிக் குவித்துவிடுகிறார்கள். இவ்வளவையும் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவன் நான். வெங்காயப் பாத்தி மணலில் மூடிப்போகாமல் இருக்க வாப்பாவோடு சேர்ந்து கிடுகு வேலி கட்டியிருக்கிறேன்.

கூடாரம் என்ற யோசனை எனக்கு வந்த காரணத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் மண் வெறும் மணல். தண்ணீரும் நிற்காது, உரமும் நிற்காது. சின்ன வெங்காயம், மிளகாய், பீற்றூட் என்று எதைப் போட்டாலும் கிணற்றுத் தண்ணீரை அடிக்கடி இறைத்து, உரத்தை அள்ளிக் கொட்டித்தான் எடுக்க முடியும். கொட்டிய உரம் மணலைத் தாண்டிக் கீழே இறங்கி, நாங்கள் குடிக்கும் நிலத்தடி நீரிலேயே நைத்திரேற்றாகச் சேர்கிறது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லை. கற்பிட்டித் தீபகற்பத்துக் கிணறுகள் பலவற்றில் அந்த எல்லை தாண்டியிருப்பதை ஆய்வாளர்கள் பல தடவை அளந்து எழுதிவிட்டார்கள். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை அரசாங்கம் ஒரே இரவில் நிறுத்தியபோது எங்கள் தோட்டங்கள் வெளிறிப்போயின. அந்த வருஷக் கடைசியில் தடை தளர்ந்தது. ஆனாலும் சின்ன இடத்தில், கொஞ்ச உரத்தில், மழைக்கும் பூச்சிக்கும் மறைவாகப் பயிர் செய்ய ஒரு வழி வேண்டும் என்ற எண்ணம் எனக்குள் ஊன்றிவிட்டது. வெள்ளை ஈ வராவிட்டால் மிளகாயில் இலைச்சுருள் குறையும். ஒக்டோபர் மழை நேரடியாக விழாவிட்டால் தக்காளி அழுகாது. உரம் மழையோடு கரைந்து கிணற்றுக்குப் போவதும் குறையும்.

பொலித்தீன் கூடாரம் பணக்காரரின் பொருளாகப் பிறந்ததல்ல. அமெரிக்காவில் கென்டக்கிப் பல்கலைக்கழகத்தில் எமெரி எம்மர்ட் என்ற பேராசிரியர், கண்ணாடி வீடு கட்டப் பணம் போதாததால் 1948இல் மரச்சட்டத்தின்மேல் செலோபேன் தாளைப் போர்த்தி முதலாவது பிளாஸ்டிக் பசுமை இல்லத்தைக் கட்டினார். ஸ்பெயினில் அல்மேரியா என்ற வறண்ட கடற்கரை மாவட்டத்தில், 1960களில், முந்திரிகைப் பந்தலுக்குப் போட்டிருந்த கம்பும் கம்பி வலையும் அப்படியே பசுமை இல்லமாக மாறின. எங்களைப் போலவே காற்றடிக்கும் கரை அது. அவர்கள் கூரைப் பொலித்தீனை இரண்டு கம்பி வலைகளுக்கு நடுவில் சொருகி வைத்தார்கள். படபடக்க இடம் கொடுக்கவில்லை. இன்று அந்த மாவட்டத்தில் முப்பதாயிரம் ஹெக்டேயருக்கு மேல் பசுமை இல்லங்கள் நிற்கின்றன. ஏழைகள் கட்டிய கூடாரமும் காற்றுக்கு நிற்கும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

முதலில் என் தோட்டத்தில் கட்டினேன். 20 அடி ஜீஐ பைப்பை அரைவட்டமாக வளைத்தால் பன்னிரண்டே முக்கால் அடி அகலமும், நடுவில் ஆறடிக்குச் சற்றுக் கூடுதலான உயரமும் கிடைக்கும். ஐந்தடிக்கு ஒரு வளைவாக 40 அடி நீளத்துக்கு ஒன்பது வளைவுகள். ஒவ்வொரு காலுக்கும் 16 மில்லிமீற்றர் கம்பி மூன்றடி. அடியில் குறுக்குத் துண்டு ஒன்றை ஒட்டி, குழியில் ஓரடிக்குக் கொங்கிரீட் போட்டு, மேலே மணலைத் தண்ணீர் விட்டு இறுக்கினேன். பைப்பைக் கம்பியின்மேல் இறக்கி, துளை போட்டு போல்ட் முடுக்கினேன். அது 2022ஆம் ஆண்டுச் சோளகம் முழுவதும் அசையாமல் நின்றது. ஊரார் வந்து பார்த்தார்கள். மாமியும் வந்து பார்த்தார்.

இந்த இடத்தில்தான் என் குற்றம் கனக்கிறது. எப்படிக் கட்டினால் நிற்கும் என்று எனக்குத் தெரியும். என் காசைப் போட்டுக் கட்டியதில் நான் எதையும் குறைக்கவில்லை. அடுத்தவரின் காசில் கட்டியபோதுதான் குறைத்தேன்.

மாமி கணவரை இழந்தவர். கணவர் விட்டுப்போன அரை ஏக்கரும் ஒரு கிணறும்தான் மாமிக்கும் மகளுக்கும் சீவியம். கழுத்துச் சங்கிலியை அடகு வைத்துக் கொண்டுவந்த காசை, பழைய பிஸ்கட் டின் ஒன்றிலிருந்து எடுத்து என் கையில் கொடுத்தார். நான் பட்டியல் எழுதிக் காட்டினேன்: பைப், பொலித்தீன், வலை, கம்பி, சீமெந்து, கூலி. அது விலையெல்லாம் தலைக்கு மேல் போயிருந்த காலம். 2022 மார்ச்சில் ரூபாயின் பெறுமதியை மிதக்கவிட்ட பிறகு, 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் சில வாரங்களுக்குள் 360ஐத் தொட்டது. இறக்குமதியாகும் இரும்பும் பொலித்தீனும் அதோடு சேர்ந்து ஏறின. எனக்கு உரக்கடையில் பழைய பாக்கி இருந்தது. கடைக்காரர் ஆள் அனுப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார். மாமி தந்த காசில் கம்பிக்கு உரியதில் பாதியையும் சீமெந்துக்கு உரியதையும் எடுத்து அந்தப் பாக்கியில் கட்டினேன். அடுத்த அறுவடையில் திருப்பிப் போட்டுவிடலாம், காற்றுக் காலத்துக்கு முன் தோண்டிச் சரிசெய்துவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அறுவடை வந்தது. காசும் வந்தது. நான் தோண்டவில்லை.

கம்பி அடித்த நாளில் பைப் வேலைக்கு வந்த பொடியன் துண்டுகளைப் பார்த்தவுடனேயே கேட்டான்: "நானா, இந்தக் கம்பி காணாதே?" ஈரமணல் பிடித்துக்கொள்ளும், நீ உன் பைப்பைப் பார் என்று அவன் வாயை அடைத்தேன். வயதில் சின்னவன், என்னிடம் கூலிக்கு வந்தவன். அதற்கு மேல் பேசவில்லை. அவன் மரியாதைக்காக மௌனமாக இருந்ததைப் பின்னால் அவனுக்கு எதிராகவே பயன்படுத்தினேன்.

வேலை முடிந்த மாலை மாமி கூடாரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "காத்துக்கு நிக்குமா மகன்?" நிற்கும் மாமி, பயப்படாதீங்க என்றேன். அந்தக் கணத்தில்கூட உண்மையைச் சொல்லியிருக்கலாம். மண்ணால் மூடியாயிற்று, மேலே எல்லாம் நேராகவும் அழகாகவும் தெரிந்தது. என் கூடாரத்துக்கும் மாமியின் கூடாரத்துக்கும் வெளியே நின்று பார்ப்பவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் பொய் சொன்னேன்.

மே மாதக் காற்றில் அது நின்றது. ஜூனில் ஒரு நாள் பிற்பகல் காற்று உரத்தது. மேற்குப் பக்கக் கதவு திறந்திருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது கூடாரம் இடத்தில் இல்லை. பக்கத்துக் காணியின் மிளகாய்ப் பாத்திமேல் கவிழ்ந்து கிடந்தது. வளைவுகள் பெரிதாக நெளியவில்லை. ஒட்டுகள் விடவில்லை. கால்களில் கம்பிகள் போல்டோடு அப்படியே தொங்கின, ஒன்றுகூட வளையாமல். மணலில் வரிசையாகத் துளைகள் மட்டும் இருந்தன. வெங்காயம் பிடுங்குவதுபோல் காற்று அவற்றைப் பிடுங்கியிருந்தது.

நான் முதலில் செய்தது என்ன தெரியுமா? மாமி வருவதற்கு முன்னால், ஸ்பானரை எடுத்து அந்தக் கம்பிகளைக் கழற்றி என் லேண்ட்மாஸ்டர் பெட்டிக்குள் போட்டு, சாக்கால் மூடினேன். காப்பாற்ற வேண்டிய தக்காளிக் கன்றுகள் காற்றில் முறிந்துகொண்டிருந்தன. நான் என் பெயரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

மாமி ஓடி வந்தார். அல்லாஹ் நாடினது மாமி, நாம என்ன செய்ய என்றேன். அவர் கிழிந்த பொலித்தீனைக் கையில் பிடித்துக்கொண்டு, "அல்ஹம்துலில்லாஹ், உசிருக்கு ஒண்டும் ஆகல்லையே" என்றார். நான் இட்டுக்கட்டிய வார்த்தையை அவர் முழு ஈமானோடு ஏற்றுக்கொண்டார். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் இறைவன்மேல் பொறுப்பை வைக்க வேண்டும் என்ற நபியவர்களின் வழிகாட்டலைச் சின்ன வயதில் மத்ரஸாவில் படித்தவன் நான். கட்டாமல் விட்டதும் நான்தான், அதை இறைவனின் தலையில் சுமத்தியதும் நான்தான்.

ஊரில் கேட்டவர்களுக்கு அது போதவில்லை. உன்னுடையது நிற்கிறதே, மாமியுடையது மட்டும் ஏன் போனது என்று கேட்டார்கள். அப்போதுதான் அந்தப் பொடியனை இழுத்தேன். பைப் வளைவு சரியில்லை, ஒட்டு சரியில்லை என்றேன். ஊரில் ஒரு வார்த்தை போதும். அவனுக்குப் பேசி வைத்திருந்த கேற் வேலையும் கூரை வேலையும் கைமாறிப் போயின. அவன் வந்து என்னிடம் சண்டை போடவில்லை. பாலாவிப் பக்கம் ஒரு பட்டறையில் போய்ச் சேர்ந்தான்.

அதற்குப் பிறகு எனக்கு ஓய்வாக உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்க்க நேர்ந்தது. காற்றுதான் காரணம் என்று எனக்கே நிரூபித்துக்கொள்ள முடியுமா என்று பார்த்தேன். கணக்கு எனக்கு எதிராகவே சாட்சி சொன்னது. கூடாரம் கட்ட நினைக்கும் எல்லாரும் அதைத் தெரிந்துகொள்வது நல்லது.

காற்றின் வேகத்தைச் செக்கனுக்கு இத்தனை மீற்றர் என்று எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, மறுபடி 0.6ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீற்றரில் அது தரும் அழுத்தம் நியூட்டனில் வரும். பத்தால் வகுத்தால் ஏறத்தாழக் கிலோ கணக்கு. மணிக்கு 36 கிலோமீற்றர் வேகம் என்றால் செக்கனுக்கு 10 மீற்றர். சதுர மீற்றருக்கு 6 கிலோ. 72 கிலோமீற்றர் என்றால் 24 கிலோ. வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. இதுதான் எல்லாரும் ஏமாறும் இடம். மே மாதக் காற்றுக்கு நின்றுவிட்டதே, கொஞ்சம் கூடினால் என்ன என்று நினைக்கிறோம். கொஞ்சம் கூடுவதில்தான் எல்லாம் போகிறது.

அந்த விசை கூடாரத்தைத் தள்ளுவதைவிடத் தூக்கவே அதிகம் பார்க்கிறது. வளைந்த கூரைமேல் காற்று வேகமாக ஓடும்போது அது கூரையை மேலே உறிஞ்சுகிறது. காற்றுப் பக்கக் கதவும் திறந்திருந்தால் உள்ளே புகுந்த காற்று அடியிலிருந்து ஊதுகிறது. இரண்டும் சேர்ந்தால், மாமியின் கூடாரத்தின் கூரை மூடும் ஏறத்தாழ 47 சதுர மீற்றர் பரப்புக்கு, 72 கிலோமீற்றர் வீச்சில், ஏறத்தாழ 1,000 கிலோ மேல்நோக்கி இழுக்கும். கூடாரத்தின் சொந்தப் பாரம் 150 கிலோவுக்கு மேல் இல்லை. மிச்சத்தைப் பதினெட்டுக் கால்களும் மண்ணைப் பிடித்துக்கொண்டு தாங்க வேண்டும். ஒரு காலுக்கு 50 கிலோ, முனைக் கால்களுக்கு அதைவிடக் கூடுதல். காய்ந்த மணலில் ஒன்றரை அடிக்கு அடித்த வழுவழுப்பான கம்பியை ஒரு ஆள் ஆட்டி ஆட்டிக் கையாலேயே உருவிவிடலாம். வளைத்த பைப்பில் ஒரு குறையும் இல்லை. குறை முழுவதும் மண்ணுக்குள் இருந்தது, அதை அங்கே வைத்தவன் நான்.

மாம்புரிப் பக்கம் போகும்போதெல்லாம் காற்றாலைகளை நிமிர்ந்து பார்க்கிறவர்கள் நாம். சுழலும் இறக்கையையும் கோபுரத்தையும் மெச்சுகிறோம். அவற்றைத் தாங்கி நிற்பது தரைக்குக் கீழே போட்ட கொங்கிரீட் அடித்தளம். கட்டி முடித்து மண்ணால் மூடிய பிறகு அதை யாரும் பார்ப்பதில்லை. பார்க்காத இடத்தில் ஒழுங்காகச் செய்தவனின் நேர்மையில்தான் பார்க்கிற எல்லாம் நிற்கிறது. எங்கள் மார்க்கத்தில் அதற்கு அமானிதம் என்று பெயர். மாமி என்னிடம் தந்தது காசு மட்டுமில்லை, அமானிதம்.

நான் ஏன் இவ்வளவு காலம் கழித்துச் சொன்னேன்? மனம் திருந்தி, தானாக எழுந்து போய்ச் சொன்னேன் என்று எழுதினால் அதுவும் பொய்யாகிவிடும். மாமி இரண்டாவது தடவை கட்டித் தரும்படி என்னிடமே வந்தார். மகளின் காதுத் தோட்டை அடகு வைக்கப் போவதாகச் சொன்னார். "காத்து அல்லாஹ்ட. நீங்க நல்லாத்தான் கட்டித் தந்தீங்க" என்றார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. பிறர் உரிமையில் செய்த குற்றத்தை அந்த மனிதர் மன்னிக்காமல் இறைவன் மன்னிப்பதில்லை என்று குத்பாவில் கேட்டுத் தலையாட்டிய ஆள் நான். அன்றைக்கு லேண்ட்மாஸ்டர் கொட்டிலில் சாக்குக்குள் கிடந்த கம்பிகளை எடுத்துவந்து மாமியின் முற்றத்தில் போட்டுச் சொன்னேன்.

மாமி கத்தவில்லை. ஒரு கம்பியை எடுத்துத் தன் முழங்கையோடு வைத்து நீளம் பார்த்தார். பிறகு கேட்டார்: "அப்ப ஏன் மகன் அல்லாஹ்ட பேர இழுத்தீங்க?" அதற்கு என்னிடம் அன்றும் பதில் இருக்கவில்லை, இன்றும் இல்லை. மன்னித்தேன் என்று அவர் இன்னும் வாய்விட்டுச் சொல்லவில்லை. காசையும், இழந்த ஒரு போகத்துத் தக்காளியின் பெறுமதியையும் தவணையாகக் கொடுத்துவருகிறேன். வாங்கிக்கொள்கிறார். தோட்டைக் காதிலேயே விட்டுவிடச் சொல்லி, கூடாரத்தை என் செலவில் மறுபடி கட்டினேன்.

பொடியனைத் தேடிப் பாலாவிக்குப் போனேன். அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. கவிழ்ந்த கூடாரத்தைப் பார்க்க அன்று மாலையே வந்தானாம். கால்களில் கம்பி இல்லாததைக் கண்டவுடனேயே, யார் கழற்றியது என்று விளங்கிவிட்டதாம். "நீங்க சொல்லுவீங்க எண்டு பாத்துக்கொண்டு இருந்தன் நானா. சொல்லல்ல" என்றான். வெல்டிங் கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டு வேலையில் குனிந்துவிட்டான். புதுக் கூடாரத்துக்கு வளைவு செய்து தரக் கேட்டபோது முதலில் மறுத்தான். மாமிக்காக வந்தான்.

புதிதாகக் கட்டியதை எப்படிக் கட்டினோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். செலவைக் குறைப்பது குற்றமில்லை. குறைக்கக் கூடாத இடத்தில் குறைப்பதுதான் குற்றம். எங்கே குறைக்கலாம் என்று முன்பே யோசித்திருந்தால் மாமியின் காசில் கைவைக்க எனக்கு அவசியமே வந்திருக்காது.

நங்கூரத்துக்குக் கம்பியும் சீமெந்தும்தான் வேண்டும் என்றில்லை. தோட்டத்தில் கிடக்கும் வெற்று உரப்பையில் முக்கால் பங்கு மணல் நிரப்பினால் 70 கிலோவுக்குக் குறையாது. அதன் கழுத்தையும் வயிற்றையும் சேர்த்து மீன்பிடிக் கயிற்றால் கட்டி, ஒவ்வொரு காலுக்கும் பக்கத்தில் மூன்றடிக் குழியில் இறக்கி, கயிற்றின் மறுமுனையைக் காலில் துளைத்த போல்டில் இறுக்கிக் கட்டி, மேலே மணலைத் தண்ணீர் விட்டு மிதித்து இறுக்கினோம். பை மேலே வர வேண்டுமென்றால் தன் பாரத்தோடு மேலிருக்கும் மணலையும் தூக்கிக்கொண்டு வர வேண்டும். வெயிலில் கிடந்தால் ஒரு வருஷத்தில் பொடிந்துபோகும் அந்தப் பை, வெயில் படாத மண்ணுக்குள் நெடுங்காலம் இருக்கும். இரும்புக் கம்பியை இந்த உப்புக்காற்று தின்னும். நைலோன் கயிற்றைத் தின்னாது. ஒன்று கவனம்: வெளியே தெரியும் கயிற்று முடிச்சை வெயில் படாமல் பழைய டியூப் துண்டால் சுற்றிவிட வேண்டும்.

அடுத்தது படபடப்பு. பொலித்தீனைக் கிழிப்பது ஒரேயொரு பெரிய வீச்சல்ல. நாள் முழுவதும் பைப்பில் அடித்து அடித்து ஒரே இடத்தில் தேய்வதுதான். அல்மேரியாக்காரர் இரண்டு வலைக்கு நடுவே பொலித்தீனை வைத்ததை நினைத்து, கரையில் வீசியிருந்த பழைய மீன்வலையைப் பொலித்தீனுக்கு மேலே விரித்து, இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டினோம். வளைவுக்கும் வளைவுக்கும் நடுவில் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு போட்டோம். வெயிலில் சுடும் பைப் பொலித்தீனைச் சீக்கிரம் கெடுக்கும் என்பதால் வளைவின் முதுகில் வெள்ளைப் பெயின்ற் பூசினோம். பொலித்தீன் மட்டும் 200 மைக்ரோன், புற ஊதாக் கதிரைத் தாங்குவது. அதில் மலிவு பார்க்கக் கூடாது. கடையில் சாதாரணமாக விற்கும் பொலித்தீன் எங்கள் வெயிலில் ஒரு போகத்தைத் தாண்டாது.

பக்கங்களை மூடவே கூடாது. குளிர் நாட்டார் சூட்டைச் சேர்த்து வைக்கக் கூடாரம் கட்டுகிறார்கள். நமக்குச் சூடு பகை. நாலு பக்கமும் மூடினால் நண்பகலில் உள்ளே 40 பாகையைத் தாண்டும். 35 தாண்டினாலே தக்காளிப் பூ உதிரத் தொடங்கும். அதனால் மேலே மட்டும் பொலித்தீன், பக்கங்களில் பூச்சி வலை. காற்று வலைக்குள் புகுந்து மறுபக்கத்தால் வெளியேறுவதால் கூரையைத் தூக்கும் விசையும் குறைகிறது. பயிருக்கு நல்லதே கட்டடத்துக்கும் நல்லதாக அமைகிறது. கூடாரத்தின் ஒடுங்கிய முனையைத் தென்மேற்கைப் பார்க்க வைத்தோம். கதவை எதிர்ப்பக்கம் மாற்றினோம். முனை வளைவுகள் இரண்டுக்கும் குறுக்காகச் சாய்கால் கொடுத்தோம்.

வேலியையும் மீட்டோம். வெளிச்சத்துக்காக மாமியின் தென்மேற்கு எல்லையில் நின்ற சீமைக்கிளுவைகளை முன்பு வெட்டச் சொன்னதும் நான்தான். இப்போது மறுபடி தடி ஊன்றி, அவை வளரும் வரை கிடுகை இடைவெளி விட்டுக் கட்டியிருக்கிறோம். காற்றில் பாதியை விட்டுப் பாதியைத் தடுக்கும் வேலிதான் நல்ல வேலி. அது தன் உயரத்தைப்போல் பத்து மடங்கு தூரத்துக்குக் காற்றைத் தணிக்கும். தகரத்தால் முழுவதும் அடைத்தால் காற்று மேலே ஏறிக் குதித்து, பின்னால் இருப்பதைச் சுழற்றி அடிக்கும். நம் வாப்பாமார் கட்டிய ஓலை வேலி சும்மா கட்டியதல்ல.

கூடாரம் கட்டக் காசு கொடுக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். மேலே பளபளக்கிறதா என்று பார்க்காதீர்கள். குழி திறந்திருக்கும்போது போய் நில்லுங்கள். கம்பியை வாங்கி அளந்து பாருங்கள். பையைத் தூக்கிப் பாருங்கள். உங்கள் கண் முன்னால் குழியை மூடச் சொல்லுங்கள். அதற்குக் கோபப்படுகிற கைவேலைக்காரனிடம் வேலை கொடுக்காதீர்கள். கட்டுகிறவர்களுக்கும் சொல்கிறேன்: மூடுவதற்கு முன் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். காசு போதாவிட்டால் போதாது என்று சொல்லுங்கள். நீளத்தைக் குறையுங்கள், ஆழத்தைக் குறைக்காதீர்கள். 40 அடிக்குப் பதில் 20 அடிக் கூடாரம் கட்டியிருந்தால் மாமி எனக்கு நன்றி சொல்லியிருப்பார்.

நுரைச்சோலையிலும் ஆலங்குடாவிலும் மாம்புரியிலும் என் பேச்சை நம்பிய எல்லாருக்கும் இதைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். அந்தக் கூடாரம் விழுந்ததில் பைப் வளைத்தவனுக்கு எந்தக் குற்றமும் இல்லை. புதுக் கூடாரத்தின் ஒன்பது வளைவுகளும் அவன் கைவேலைதான். அவை இரண்டாவது சோளகத்தையும் கடந்து நிற்கின்றன. அவனிடமிருந்து நான் பறித்த வேலைகளை இப்போது திருப்பிக் கொடுக்கக்கூடியவர்கள் நீங்கள்தான். கேற், கூரை, கூடாரம் என்று உங்களுக்கு என்ன வேலை இருந்தாலும் அவனைக் கூப்பிடுங்கள்.